நட்புக்கும் ஒரு பாடவேளை



ஆன்லைன் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நேரில் நண்பர்கள் கிடைப்பது எப்படி? இந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேச, இந்தக் கேள்வியை எனக்குத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பின் முளைத்த கேள்வி என்று நாம் நினைக்கிறோம். கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டவர் ஒருவர் உண்டு.

ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்றொரு ஊர். அதைச் சுற்றிலும் வறண்ட நிலம், மாட்டுப் பண்ணைகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பல மைல் தூரம். அந்தப் பண்ணைப் பிள்ளைகளுக்குப் பாடம் தபாலில் வந்துகொண்டிருந்தது. 1940-களில் அங்கே சென்ற அடிலெய்டு மீத்கே என்ற கல்வியாளரின் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? அந்தப் பிள்ளைகளின் கூச்சம். தன் வயதுப் பிள்ளையோடு பேசிப் பழக வழியில்லாத கூச்சம்! தொலைதூர வீடுகளில் பறக்கும் டாக்டர் சேவைக்காக வைத்திருந்த வானொலிக் கருவிகள் அவர் நினைவுக்கு வந்தன. டாக்டரை அழைக்கிற கருவியில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசினால் என்ன என்று கேட்டார். 1951-இல் அங்கே 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' என்ற வானொலிப் பள்ளி பிறந்தது.

இன்று அந்தப் பள்ளி இணையத்துக்கு மாறிவிட்டது. முகம் பார்த்தே பேசுகிறார்கள். 'இனி நேரில் எதற்கு?' என்று அவர்கள் கேட்கவில்லை. ஆண்டில் சில முறை பிள்ளைகளை ஊருக்கு வரவழைத்து, நாட்கணக்கில் சேர்ந்து படிக்க வைக்கிறார்கள், விளையாட வைக்கிறார்கள். ஆசிரியர்களும் வீடு தேடிப் போய் வருகிறார்கள். அதற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறார்கள்!

ஏன் இந்தப் பாடு? ஆன்லைன் வகுப்பில் ஒரு பிள்ளை பேசினால் அது அத்தனை பேர் காதிலும் விழும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் பக்கத்துப் பையன் காதில் கிசுகிசுப்பான். சார் திரும்பியதும் இருவரும் சிரிப்பை அடக்குவார்கள். நட்பு அங்கேதான் தொடங்குகிறது. சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவை மாற்றிக்கொள்வது, ஆட்டத்தில் 'அவுட்டா, இல்லையா' என்று மல்லுக்கு நிற்பது, மறுநாள் தானே போய்ப் பேசுவது... சண்டை வந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தி வெளியேறத் தெரிந்த பிள்ளைக்குச் சமாதானம் ஆகத் தெரியாமல் போய்விடும். என் கவலை அதுதான்.

நம் ஊரிலும் இதை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐஐடி, பி.எஸ். பட்டப்படிப்பை ஆன்லைனில் நடத்துகிறது. நாடு முழுவதும் பரந்து கிடக்கும் அந்த மாணவர்களுக்கு நீலகிரி, பிச்சாவரம் என்று காடுகளின் பெயரில் குழுக்கள் உண்டு. 2022-இல் 'பாரடாக்ஸ்' என்ற மாணவர் விழாவுக்காக அவர்கள் கிண்டி வளாகத்தில் ஒன்றுகூடினார்கள். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தின் இழப்பை ஈடுகட்ட 2021-இல் தமிழக அரசு கொண்டுவந்த திட்டத்தின் பெயர் 'இல்லம் தேடிக் கல்வி'. பாடம் நடத்தக் கல்வித் தொலைக்காட்சி இருந்தும், அந்தந்தத் தெருவின் பிள்ளைகளை மாலையில் ஓரிடத்தில் உட்கார வைக்கத் தன்னார்வலர்கள் தேவைப்பட்டார்கள்.

ஆகவே சில கோரிக்கைகள். ஆன்லைன் பள்ளி நடத்துவோரே, சந்திப்பை ஆண்டு விழாவோடு முடித்துவிடாதீர்கள். கால அட்டவணையில் சேருங்கள். ஒரே மாவட்டத்துப் பிள்ளைகளை, பெற்றோர் சம்மதத்தோடு, ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வையுங்கள். ஒருமுறை பார்த்தவர்கள் தெரிந்தவர்கள்; திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் நண்பர்கள்.

பெற்றோர்களே, இடம் எங்கே என்று கேட்காதீர்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகம் நம்முடையது. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுங்கள். சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள்: ஒரு கையெழுத்துப் பத்திரிகை, ஒரு நாடகம், ஒரு கேரம் பலகை. கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். பெரியவர்கள் தலைக்கு மேல் நின்றால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள்.

நூலகர்களே, அந்த இரண்டு மணி நேரம் மட்டும் 'சத்தம் போடாதே' பலகையைச் சற்றுத் திருப்பி வையுங்கள்.

மாணவச் செல்வங்களே, கூட்டம் முடிந்ததும் தேநீர் தருகிறார்கள். பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்காமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவது என்பதையும் நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்.