சுகாதாரக் கல்வியறிவு வளர்ந்ததா என அறிவது எவ்வாறு?

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம்மைப் போன்ற ஜமாஅத்துகள் மருத்துவ முகாம் நடத்தினால், ஆண்டறிக்கையில் எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேருக்குச் சர்க்கரை அளவு பார்க்கப்பட்டது என்று எழுதுவது வழக்கம். வந்தவர்கள் என்ன விளங்கிக்கொண்டு திரும்பினர் என்பதை எழுதுவதில்லை. எழுத மனமில்லாமல் அல்ல. அதை எவ்வாறு அளப்பது என்பது எவருக்கும் எளிதில் புலப்படுவதில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

உடல்நலம் பற்றிய செய்தியைத் தேடிக் கண்டடைவது, விளங்கிக்கொள்வது, சரியா தவறா எனச் சீர்தூக்குவது, பின்னர் அதன்படி நடப்பது ஆகிய இந்நான்கு திறன்களையும் சேர்த்தே சுகாதாரக் கல்வியறிவு என்கின்றனர். பட்டம் பெற்றவரிடம் இது குறைவாக இருக்கலாம். பள்ளி செல்லாத மூதாட்டியிடம் நிறைவாகவும் இருக்கலாம்.

2011ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் ஏறத்தாழ எண்ணாயிரம் பேரிடம் 47 கேள்விகள் கேட்கப்பட்டன. மருத்துவர் சொல்வதை விளங்கிக்கொள்வது உங்களுக்கு எளிதா, கடினமா என்னும் வகையிலான கேள்விகள். விடையளித்தோரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இத்திறன் போதாமல் இருந்தது. நெதர்லாந்தில் இது 28.7 விழுக்காடு, பல்கேரியாவில் 62.1 விழுக்காடு. செல்வமும் மருத்துவ வசதியும் பெருகிய நாடுகளிலேயே நிலை இவ்வாறு இருந்தது.

அந்த ஆய்வில் ஜெர்மனியின் பங்கைச் சற்று நின்று நோக்க வேண்டும். நாடு முழுவதும் கேட்கப்படவில்லை. நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா என்னும் ஒரு மாநிலத்தில் மட்டுமே கேட்டனர். அங்கு போதாமை 46.3 விழுக்காடாக இருந்தது. பின்னர் 2014இல் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தார் நாடு முழுவதும் ஆய்வு செய்தபோது 54.3 விழுக்காடு எனத் தெரியவந்தது. இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், மூன்றே ஆண்டுகளில் மக்களின் அறிவு இவ்வளவு சரிந்துவிட்டதே என்று கவலைப்படுவார். அக்கவலைக்கு இதில் ஆதாரம் இல்லை. முதல் எண் ஒரு மாநிலத்தாருடையது, அடுத்தது ஒரு நாட்டாருடையது. ஒரு தெருவின் கணக்கையும் ஊரின் கணக்கையும் ஒப்பிட்டு வளர்ச்சி, தளர்ச்சி பேச இயலுமா?

அடுத்து 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் அதே பல்கலைக்கழகத்தார் மீண்டும் நாடு தழுவிய ஆய்வு செய்தனர். இம்முறை 58.8 விழுக்காடு. இப்போது இரண்டும் ஒரே நாட்டைப் பற்றியவைதாமே என்று தோன்றும். ஆனால் இடையில் விடைகளின் சொற்கள் மாறியிருந்தன. முன்பு "ஓரளவு எளிது", "ஓரளவு கடினம்" என்றிருந்த விடைகள், பின்பு "எளிது", "கடினம்" என்று ஆயின. மதிப்பெண் கணக்கிடும் முறையும் மாறியது. "ஓரளவு" என்னும் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் எத்தனை பேர் ஒரு விடையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவர் என்பதை, நம் வீட்டாரிடமே கேட்டுப் பார்த்தால் அறியலாம். ஆய்வாளர்கள் இதனை மறைக்கவில்லை. ஒப்பிடத்தக்க வகையில் மறுபடியும் கணக்கிட்டுப் பார்த்து, சிறிதளவு சரிவு உண்மையிலேயே உண்டு என்றனர். அந்த நேர்மையை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

கொரோனா பரவிய பின், 2020 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சுமார் ஐந்நூறு பேரிடம் மேலும் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. அப்போது நிலை சற்று மேம்பட்டிருந்தது. நாள்தோறும் நோய் பற்றியே பேச்சாக இருந்த காலம் அது. இங்கு ஒப்பிட்டவை ஒரே அளவுகோலால் அளந்தவை ஆதலால், இம்மாற்றத்தைச் சற்று நம்பிக்கையோடு பேசலாம்.

புலம்பெயர்ந்து ஜெர்மனியில் வாழ்வோரிடமும் அவர்கள் தனியே ஓர் ஆய்வு நடத்தினர். துருக்கிய வழியினரும் முன்னாள் சோவியத் நாடுகளின் வழியினரும் தத்தம் மொழியிலேயே விடையளிக்க வாய்ப்பு அளிக்கப்பட்டது. அவர்களின் நிலை பொதுமக்களைவிடத் தாழ்ந்திருக்கும் என்று பலரும் எண்ணியிருந்தனர், அவ்வாறு தெரியவரவில்லை. மொழி தெரியாததை அறிவு இல்லாததாகக் கருதிவிடும் பிழை எல்லா ஊர்களிலும் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் ஐயம் நீங்கவில்லை. "உங்களுக்கு எளிதா?" என்று கேட்டால், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை ஒருநாளும் பிரித்துப் பாராதவர் எளிது என்றே சொல்லக்கூடும். படித்துப் பார்த்துக் குழம்பியவரே கடினம் என்பார். எனவே மக்கள் சொல்வதோடு, அவர்கள் செய்வதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதனை அழுத்தமாகக் காட்டுகிறது. மூன்று மாநிலங்களில் 395 நோயாளிகளிடம் மருந்துக் குப்பிகளைக் கொடுத்தனர். ஒரு குப்பியின் மேல், "இரண்டு மாத்திரைகள், நாளொன்றுக்கு இருமுறை" என்று எழுதியிருந்தது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் அதனைச் சரியாகவே சொன்னார்கள். "அப்படியானால் ஒரு நாளைக்கு உரிய மாத்திரைகளை எண்ணிக் காட்டுங்கள்" என்றபோது, நான்கை எடுத்து வைத்தவர்கள் சுமார் 35 விழுக்காட்டினரே! சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஆயுள் முழுவதும் மாத்திரை உண்ணும் பெரியவர்கள் நம் வீடுகள்தோறும் இருக்கின்றனர். மருந்துச் சீட்டைப் பிழையின்றி வாசித்தும் பாதி அளவே உண்பவர் இருக்கலாம். இருமடங்கு உண்பவரும் இருக்கலாம். அவர்களைத் தலையசைப்பைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது.

குறை அவர்களுடையது மட்டும் என்றும் கொள்ள வேண்டாம். அதே செய்தியை, "காலையில் இரண்டு, இரவில் இரண்டு" என்று எழுதியிருந்தால் கணக்குப் போடும் வேலையே எழாது. எழுதியவரின் தெளிவும் சேர்ந்தே அளக்கப்படுகிறது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். அடுத்த மருத்துவ முகாமில், மருந்து வாங்கிச் செல்வோரிடம் மூன்றே கேள்விகள் கேட்கலாம். இன்றைய மாத்திரைகளை எண்ணிக் காட்டுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வீர்கள். எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்வீர்கள். சரியான விடை எது என்பதை மருத்துவரே முன்கூட்டி எழுதித் தரட்டும். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். தவறாகச் சொன்னவருக்கு அங்கேயே மறுபடி விளக்கிவிட வேண்டும். அவரது பெயர் கணக்கில் வேண்டியதில்லை. கேள்வித்தாளை, ஒரு சொல்லும் மாற்றாமல், தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்துப் பாதுகாத்து, மறு ஆண்டு முகாமிலும் அதையே கேட்க வேண்டும். முகாமுக்கு வராதவர்களைப் பற்றி அந்தக் கணக்கு ஒன்றும் சொல்லாது என்பதையும் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடலாம்.