வெளியே இருந்து பார்த்தால் தெரியும் எண்ணூர்
(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'எமர்ஜிங் மார்க்கெட்' என்று தினமும் பேப்பரில் படிக்கிறீர்கள். எழுந்துவரும் சந்தை. அது நாம்தான். இந்தப் பேர் வைத்தவர் ஒரு டச்சுக்காரர், ஆன்ட்வான் வான் அக்ட்மேல். உலக வங்கியைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தில் வேலை பார்த்தவர். 1981இல் நம்மைப் போன்ற நாடுகளின் பங்குகளை வாங்கப் பணம் திரட்டப் போனார். 'மூன்றாம் உலக நிதி' என்றார். அந்தப் பேரில் விற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பேரை மாற்றினார், விலை போனது. சேரிக்குக் காலனி என்று பேர் வைத்த நாட்டில் பிறந்த நமக்கு இந்த வித்தை புதுசா? (அந்தக் 'காலனி'யையும் அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பேர் போகும், தெரு?)

2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட 'வாழ எளிதான நகரங்கள்' பட்டியலில், பெரிய நகரங்களில் சென்னைக்கு நாலாவது இடம். எந்தச் சென்னை என்று நான் கேட்கிறேன்.

வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் வந்து நின்றால், கப்பலேறக் காத்திருக்கும் புதுக் கார்களைப் பார்ப்பான். வரிசை வரிசையாக. அது பொய்யில்லை. ஆனால் பக்கத்திலேயே கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகம் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலை எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக அங்கேதான் வந்தது. ஜனங்கள் பக்கெட்டிலும் மக்கிலும் அள்ளினார்கள். அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். படகு வைத்திருப்பவருக்காவது கணக்கில் ஒரு இடம் உண்டு. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளருக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. அவர் நஷ்டத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

நான் பேங்க் கவுண்டரில் உட்காருகிறவன். எங்கள் தொழிலில் 'நெகட்டிவ் ஏரியா' என்றொரு சொல் புழங்குகிறது. யாரும் எழுதி ஒட்டமாட்டார்கள். எனக்கே நடந்தது. நிரந்தர வேலை, சம்பளச் சீட்டு எல்லாம் காட்டி வேறொரு கம்பெனியில் கிரெடிட் கார்டு கேட்டேன். "சார், சார்" என்றுதான் பேசினான் பையன். வீடு எங்கே சார் என்றான். ராயபுரத்தில் எங்கள் தெருப் பேரைச் சொன்னேன். அதுக்கப்புறம் போனே வரலை. லண்டனில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நம்ம மண் வாய்ப்பு. கூவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு ரவுடி ஏரியா. ரெண்டு பேருமே இங்கே வந்து ஒரு டீ குடித்தவர்கள் இல்லை.

அதுக்காக, வாய்ப்பு என்பதே ஏமாற்று என்று பேசும் தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. என் தாத்தா செய்யூர் பக்கம் பண்ணையிலிருந்து ஓடிவந்து ஹார்பரில் மூட்டை தூக்கினார். முதுகு போச்சு. ஆனால் கூலியைக் கையில் எண்ணி வாங்கினார்; தோள் துண்டை எவனைப் பார்த்தும் இறக்கவில்லை. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைச் சாடியபோது பலருக்கு வலித்தது. தாத்தாவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூலியில்தான் அப்பா பள்ளிக்கூடம் போனார்.

தாத்தாவுக்கு ஹார்பர் கொடுத்ததை, இன்றைக்கு எண்ணூர் ஆலைகள் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றனவா? புகை நமக்கு வருகிறது, வேலை வருகிறதா? வருகிற வேலையும் காண்ட்ராக்டா, நிரந்தரமா?

இதை வெளியே இருந்து வருகிறவன் எண்ணமாட்டான். மாணவர்கள் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு கேட்போம். யாருக்கு என்ன வேலை, பி.எஃப். பிடிக்கிறார்களா, எத்தனை பிள்ளைக்கு இழுப்பு, எந்த அட்ரஸுக்கு லோன் மறுத்தார்கள். திருவொற்றியூரில் ஆரம்பித்து வடக்கே போகலாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, நானும் வருகிறேன்.