மூளைக்கட்டிக்கு ஒரே அளவுகோல்



ஊருக்கொரு மரக்கால் வைத்து நெல் அளந்த காலம் ஒன்றிருந்தது. ஓரூரின் பத்து மரக்கால் மறுவூரில் ஒன்பதாகும். நெல்லில் அது சில படி இழப்பு. மூளைக்கட்டியை அளப்பதில் அவ்வாறு நேர்ந்தால் என்னாகும்?

காந்த ஒத்ததிர்வால் முதற் படத்தை 1973-இல் வெளியிட்டவர் இலாட்டர்பர். அவரும் மேன்சுபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். மண்டையைத் திறவாமலே மூளையைக் காட்டும் அரிய முறை அது. ஆயினும் அது தருவது வெண்மை கருமை வேறுபாடே. எடைக்கல் போன்ற நிலைத்த அளவன்று. காந்த வலிமை, துடிப்பின் இடைவெளி, சாய்கோணம், மருந்தளவு ஆகியவற்றுள் ஒன்று மாறினும் படம் மாறிவிடும்.

மூளைப்புற்றுகளுள் மிகக் கொடியது கிளையோபிளாசுட்டோமா. அதற்குக் கதிர் மருத்துவத்தோடு தெமோசோலமைடு மருந்தும் சேர்த்துத் தருவது 2005 முதல் வழக்காயிற்று. கதிர் முடிந்த முதற் பன்னிரண்டு கிழமைகளில் கட்டி பெருத்ததுபோல் படம் காட்டுவதுண்டு. பின்னர் அது தானே தணியும். இது பொய்வளர்ச்சி. இதனை மெய்யென நம்பினால் பயன்தரும் மருந்தை நிறுத்திவிடுவர்; மெய்வளர்ச்சியைப் பொய்யெனக் கருதினாலோ நோயாளியின் நாள் வீணாகும். குறுக்கும் நெடுக்கும் அளந்து பெருக்கும் 1990-ஆம் ஆண்டு நெறிக்கு இவ்வேறுபாடு தெரியாது. 2010-இல் வகுத்த நெறியே அப்பன்னிரண்டு கிழமைக்கு விலக்களித்தது.

வேறுபடுத்த உதவுவது குருதியோட்டப் படம். வளரும் புற்று புதுக்குருதிக் குழல்களைப் படைத்துக்கொள்ளும். கதிர்பட்ட புண்ணில் அவை குறைவு. கடோலினிய மருந்தை விரைந்து செலுத்தி, அது கடந்து செல்லுங்கால் குருதிக் கொள்ளளவைக் கணிப்பர். இடர் இங்கேதான். கட்டியின் குழற்சுவர் சிதைந்திருத்தலால் மருந்து வெளியே கசிந்து கணக்கைக் கெடுக்கிறது. கசிவை ஈடுசெய்யச் சிலர் முன்னரே ஒருமுறை மருந்தேற்றினர். சிலர் சாய்கோணத்தைக் குறைத்தனர். சிலர் கணக்கில் திருத்தினர். ஆகவே ஒரு மருத்துவமனையின் 'இரண்டு' மற்றொன்றின் 'இரண்டு' ஆகவில்லை.

முதலில், 2015-இல், அடிப்படைப் படங்களுக்குப் பொதுமுறை வகுத்தனர். மருந்தேற்றும் முன்னும் பின்னும் ஒரே அமைப்பில் முப்பரிமாணப் படம். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படாத தடிப்பு. மருந்தேற்றியபின் காத்திருக்கும் நேரம் எங்கும் ஒத்திருக்க, அவ்விடைவெளியில் வேறொரு படத்தைச் செருகியது நல்ல சூழ்ச்சி! மிகச் சிறந்ததை வேண்டாது, எளிய மருத்துவமனைக்கும் இயலும் குறைந்த அளவைக் கேட்டதும் அறிவுடைமையே.

குருதியோட்டப் படத்துக்கு 2020-இல் இசைவு பிறந்தது: முன்மருந்தேற்றி 60 பாகைச் சாய்கோணம், அன்றி முன்மருந்தின்றி 30 பாகை. பின்னதில் மருந்து பாதியாகிறது. கடோலினியம் மூளையில் தங்குவதாக 2014-இல் தெரியவந்ததால், இது சிறிய நன்மையன்று.

படம் எடுப்பது ஒன்றாகியும் கணிப்பது ஒன்றாகவில்லை. ஒரே படத்துக்கு இரு மென்பொருள்கள் இருவேறு எண் தருகின்றன. ஆதலின், விடை முன்பே தெரிந்த செயற்கை மூளைப்படத்தைக் கணினியில் ஆக்கி, கணிப்புமுறைகளுக்கு அதனைத் தந்து, எது எவ்வளவு பிழைபடுகிறதென ஆய்ந்துள்ளனர்.