இரைச்சலில் வந்த வியாழன்



நம் காலத்தில் இரவில் சிற்றலை ரேடியோவைத் திருகினால் ‘கொரகொர’ என்று இரைச்சல் வரும். "அதை அணைச்சுத் தொலைடா" என்று வீட்டில் சத்தம் போடுவார்கள். அதில் கொஞ்சம் வியாழன் கிரகத்திலிருந்து வந்திருக்கலாம் என்றால் சிரிக்காதீர்கள்!

1955இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பர்க், ஃபிராங்க்ளின் என்ற இருவர், வயல்வெளியில் ஆன்டெனா கட்டி 22.2 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டார்கள். அவ்வப்போது ஒரு குறுக்கீடு. யாரோ பண்ணை ஆள் ஓட்டிப்போகும் வண்டியின் மின்பொறி என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் வந்த நாட்களை அடுக்கிப் பார்த்தால், அது நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் முந்திக்கொண்டே வந்தது. விண்மீன்கள்தான் அப்படி உதிக்கும். வண்டிக்காரன் அப்படி வரமாட்டான். குறித்துப் பார்த்தபோது, வியாழன் நகர்ந்த வழியே சத்தமும் நகர்ந்தது.

செய்தி கேட்டு ஆஸ்திரேலியாவில் ஷெயின் என்பவர் தம் 1950-51 பதிவுகளைப் புரட்டினார். வியாழன் அதிலே ஏற்கெனவே இருந்தது, வெறும் இரைச்சலாக!

இது எப்படி உண்டாகிறது? காந்தப்புலத்தில் எலக்ட்ரான் சுருள் சுருளாகச் சுழலும். புலம் 1 காஸ் என்றால் விநாடிக்கு 28 லட்சம் சுற்று. அந்த அதிர்வெண்ணை ஒட்டியே அலை வெளிப்படும். வியாழனின் இந்த அலைகள் சுமார் 40 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகின்றன. வகுத்துப் பாருங்கள், 14 காஸ்! நம் விருதுநகரில் பூமியின் புலம் சுமார் 0.4 காஸ்தான். 1973 டிசம்பரில் பயனியர் 10 அங்கே போய்ச் சேருமுன்பே, அங்கே வலிய காந்தம் உண்டென்று இந்த இரைச்சல் சொல்லிவிட்டது.

அயோ என்ற துணைக்கோள் நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சத்தம் கூடுகிறது என்று 1964இல் பிக் என்பவர் கண்டார். அயோவின் எரிமலைகள் கக்கும் பொருளில் விநாடிக்குச் சுமார் 1 டன் மின்னூட்டம் பெற்று, வியாழனைச் சுற்றிப் பிளாஸ்மா வளையமாகிறது. அயோவைச் சூழ்ந்து சோடிய மேகமும் உண்டு. அதன் மஞ்சள் ஒளி, நம்ம சிவகாசி மத்தாப்பில் சோடிய உப்பு தரும் அதே மஞ்சள்தான்.

மாணவச் செல்வங்களே, ஆய்வகத்தில் கணக்கோடு ஒத்துவராத அளவு வந்தால் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ரப்பரால் அழித்துவிட்டு, புத்தகத்து விடையை எழுதினோம். நானும் எழுதியிருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வந்த எண்ணை வந்தபடி எழுதி, பக்கத்திலே தேதியும் நேரமும் போடுங்கள். ஷெயின் தம் பதிவுகளைத் தூக்கி எறியாததால்தான், திரும்பப் புரட்டும்போது வியாழன் கிடைத்தது.