மார்பக மறுசீரமைப்பு: ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுக்கணும்னு டாக்டர் சொன்னதும், உயிர் பிழைச்சா போதும்னுதான் தோணும். நியாயம்தான். ஆனா தேதி குறிக்கும் முன்பே இதையும் கேட்டுடுங்க: "எனக்கு மறுசீரமைப்பு செய்யலாமா? கூடவேயா, பிறகா?" பிறகும் செய்யலாம். முன்பே கேட்டால், தோலை எவ்வளவு விட்டுவைக்க முடியும் என்று புற்றுநோய் சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் பேசி முடிவெடுப்பார்கள்.

வழிகள் இரண்டு. சிலிக்கான் பை வைப்பது ஒன்று. வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ உங்கள் திசுவையே எடுத்து அமைப்பது இன்னொன்று. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும், எடுத்த இடத்திலும் தழும்பு இருக்கும். கதிர்வீச்சு சிகிச்சை பெறுபவர்களுக்குச் சிலிக்கான் பை இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். அதனால் அதையும் கேளுங்க.

பலருக்கும் பிறகுதான் தெரியவரும் விஷயம்: தொடு உணர்ச்சி பழையபடி முழுசா வராது. இரண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்காது. காம்பு அமைப்பது பெரும்பாலும் தனியாக, சில மாதம் கழித்து. நீர் வடியும் குழாயோடு வீடு திரும்ப வேண்டியிருக்கலாம். குடம் தூக்கப் பல வாரம் ஆகும்.

வேண்டாம்னு சொல்வதும் உங்கள் உரிமை; உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் இருக்கு. "இந்த வயசுல எதுக்கு?" என்பார்கள். முடிவு அவங்களோடது இல்லை.

செலவு பற்றி, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் சிகிச்சைக்கு இடமுண்டா என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேளுங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104. கேள்விகளை இப்பவே செல்போனில் குறிச்சு வைச்சுக்கோங்க.