துண்டுக் கடுதாசி

மொழிப்பாட வேளையில் வாசிப்பு என்றால் என்ன நடக்கிறது? கெட்டிக்காரப் பிள்ளையொன்று எழுந்து உரத்து வாசிக்கும். மற்றப் பிள்ளைகள் மணியடிக்கக் காத்திருக்கும். கல்முனைப் பகுதியில் தமிழ் கற்பித்த காலத்தில் நானும் பல ஆண்டுகள் இதையே செய்தவன்தான்.

ஒரு நாள் முறையை மாற்றினேன். காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பற்றிய வாசிப்புப் பகுதியை நான்காக வெட்டினேன். மயில்வாகனம் என்ற பெயரோடு வளர்ந்த இளமை ஒன்று. 1924இல் பூண்ட துறவும் கல்விப் பணியும் இரண்டு. 1931இல் அண்ணாமலையிலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானது மூன்று. 1947இல் அரங்கேறிய யாழ்நூல் நான்கு.

வகுப்பில் 24 பிள்ளைகள். நால்வர் கொண்ட ஆறு குழுக்கள். குழுவில் ஆளுக்கொரு துண்டு. முதலில், ஒரே துண்டைப் பெற்ற அறுவரும் ஒன்றுகூடிப் படித்து, அருஞ்சொற்களைத் தெளிந்துகொள்வார்கள். பின்னர் தத்தம் குழுவுக்குத் திரும்பி, கடுதாசியை மூடிவைத்துவிட்டு மற்ற மூவருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். முடிவில் முழுப் பகுதியிலும் கேள்வி. விடையைத் தனித்தனியே எழுத வேண்டும்.

ஒரு குழுவில் நாலாம் துண்டு, வகுப்பிலே வாய் திறவாத நெசவாளி மகளொருத்திக்குப் போயிற்று. கெட்டிக்காரப் பையன் அதைப் பறிக்கப் பார்த்தான். “இது என்ட துண்டு, நான்தான் சொல்லணும்” என்றாள். தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள். “யாழ் என்டா வீணையா?” என்று கேட்டான் அவன். “இல்ல. வீணையில ஒரு நரம்புல பல சுரம் வாசிக்கலாம். யாழுல ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு” என்றாள். அவன் குறித்துக்கொண்டான். அவளிடம் அவன் கேட்டுப் படித்த முதற் பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

முறைக்குக் குறையும் உண்டு. ஒருவர் பிழையாக விளங்கினால் நால்வருக்கும் பிழை. ஆகவே முதற் கூட்டத்திலேயே ஆசிரியர் காதைக் கொடுக்க வேண்டும். கவிதையை வெட்டக்கூடாது, உயிர் போய்விடும். தனித்தனியே விளங்கக்கூடிய உரைநடையே ஏற்றது.

இம்முறையை வகுத்தவர் எலியட் அரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1971இல் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில், அதுவரை பிரித்து வைக்கப்பட்டிருந்த வெள்ளை, கறுப்பு, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பறைக்கு வந்தபோது பகைமை மூண்டது. அதைத் தணிக்கத்தான் பாடத்தைத் துண்டாக்கினார். பக்கத்திலிருப்பவன் வாய் திறந்தால்தான் என் பாடம் முழுமை பெறும் என்றால், அவனை இகழ எனக்குக் கட்டுபடியாகாது.

நேயர்களே, நமது கரையிலும் ஒரே தமிழைப் பேசும் முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளிலேயே படிக்கிறார்கள். போர்க்காலம் அந்த இடைவெளியை இன்னும் அகட்டியது. சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் நடந்தே போய்வரலாம். விபுலாநந்தரைப் பற்றிய நாலு துண்டில் இரண்டைக் காரைதீவுப் பிள்ளைகளிடமும் இரண்டை நமது பிள்ளைகளிடமும் கொடுத்து, ஒரு நாளாவது ஒரே மேசையைச் சுற்றி இருத்திப் பார்க்க நான் ஆசைப்படுகிறேன். அதற்குச் செலவாவது ஒரு தாள் கடுதாசியும் ஒரு கத்தரிக்கோலும்தான்.