நோட்ஸ் யாருக்காக?



மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி பேசச் சொன்னார்கள். நோட்ஸ் எடுப்பது பற்றிச் சொல்கிறேன். "வாத்தியார் சொல்றதை எழுத வேண்டியதுதானே, இதுல என்ன இருக்குது?" என்பீர்கள். இருக்குதுங்க.

நான் பெருமாநல்லூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறேன். பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, ரெசிப்பி நோட்டில் சாயத்தின் சதவீதம் மட்டும் இருந்தால் போதாது. தண்ணீர், உப்பு, சூடு எவ்வளவு, சோடா ஆஷ் எப்போது போட்டது, எல்லாம் வேண்டும். கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீரில் வந்த ஷேடு, அதே சாயத்துக்கு 10 லிட்டரில் வராது; வெளிறிப்போகும். எழுதியவர் லீவு போட்டால் நைட் ஷிப்டுக்காரர் என்ன செய்வார்?

நம்ம ஈரோட்டில் 1887-ல் பிறந்த கணித மேதை ராமானுஜன், காகிதச் செலவுக்கு அஞ்சி சிலேட்டில் கணக்குப் போட்டார். வழியை அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். 1920-ல் மறைந்தார். அந்த விடைகளுக்கு நிரூபணம் தர, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1985 முதல் 1998 வரை 5 பாகங்கள் வெளிவந்தன. மேதையின் நோட்டுக்கே இந்தப் பாடு! நம்ம நோட்டுக்கு எந்த பெர்ன்ட் வரப்போறார்?

ராமானுஜனிடம் பின்பற்ற வேண்டியதும் உண்டு. முதல் நோட்டைத் திருத்தி, விரிவாக்கி, இரண்டாவது நோட்டாகத் திரும்ப எழுதினார்.

நீங்களும் செய்யலாம். பக்கத்தின் இடதுபுறம் மூன்று விரல் அகலம் விடுங்கள். வகுப்பில் வலதுபுறம் மட்டும் எழுதுங்கள். அன்று ராத்திரியே இடதுபுறம் "ஏன்? எப்படி?" என்று கேள்விகளும், அடியில் இரண்டு வரிச் சுருக்கமும் எழுதுங்கள். பிறகு வலதுபுறத்தை மூடிக்கொண்டு பதில் சொல்லிப் பாருங்கள். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் பாக் வகுத்த முறை இது. தேதி, பக்க எண், முதல் பக்கத்தில் பொருளடக்கம் இருந்தால் பரீட்சை நேரத்தில் தேட வேண்டாம்.

கரும்பலகையை செல்போனில் படம் பிடிக்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் வாத்தியார் வாயால் சொன்ன காரணம் படத்தில் விழாது.

கடைசியாக ஒன்று. வகுப்புக்கு வராத நண்பனிடம் உங்கள் நோட்டைக் கொடுங்கள். அவன் எங்கே சந்தேகம் கேட்கிறானோ, அங்கேதான் நீங்கள் எழுதாமல் விட்டது இருக்கிறது. மூணு மாசம் கழித்து அதே சந்தேகம் உங்களுக்கும் வரும்.